காட்பாடியில் உள்ள எங்கள் வீட்டை வங்கி ஏலம் விட்டபோது, இரண்டே பேர் பேசிவைத்துக்கொண்டு அடிமாட்டு விலைக்கு எடுத்துவிட்டார்கள். ஏலத்தை ரத்து செய்ய முடியுமா?

முடியும். ஆனால் "விலை குறைவு, சிண்டிகேட் போட்டுவிட்டார்கள்" என்பதோடு மனுவை நிறுத்தினால் பெரும்பாலும் தள்ளுபடிதான் ஆகும். விலை குறைந்துபோனது என்ற ஒரே காரணத்துக்காக ஏலத்தைக் கலைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1974-லேயே கேஜே இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் சொல்லிவிட்டது. ஏலம் கேட்க வந்தவர்கள் தங்களுக்குள் போட்டி வேண்டாம் என்று பேசிக்கொண்டதையும் பழைய தீர்ப்புகள் தனியே ஒரு மோசடியாக எடுத்துக்கொள்வதில்லை. வங்கி எந்த விதியை மீறியது, அதனால் வேறு ஆட்கள் எப்படி வராமல் போனார்கள், அதனால் விலை எவ்வளவு விழுந்தது என்ற மூன்றையும் ஒரே சங்கிலியாகக் காட்ட வேண்டும்.

முதலில் கெடு. உங்களுக்கு வந்த நோட்டீஸில் சர்ஃபாசி சட்டம் (நீதிமன்றத்துக்குப் போகாமலே அடமானச் சொத்தை வங்கி விற்க வழிசெய்யும் சட்டம்) 13(2), 13(4) என்று இருந்தால், சத்துவாச்சாரி நீதிமன்றத்தில் சிவில் வழக்கு போட்டுப் பயனில்லை. அந்தச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு தடுக்கும். சென்னையில் உள்ள கடன் வசூல் தீர்ப்பாயத்தில் (டி.ஆர்.டி.) 17-ஆம் பிரிவின் கீழ் 45 நாளுக்குள் மனு போட வேண்டும். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கும் மனு இந்தக் கெடுவை ஒரு நாள்கூட நிறுத்தாது. பலர் அங்கேயே அலைந்து 45 நாளைத் தொலைத்துவிடுகிறார்கள், பார்க்கவே வேதனையாக இருக்கும். கட்டணம் பெரிதல்ல: கடன் 10 லட்சத்துக்குள் என்றால் லட்சத்துக்கு 500 ரூபாய்; அதற்கு மேல் 5,000 ரூபாயோடு கூடுதல் ஒவ்வொரு லட்சத்துக்கும் 250. 18 லட்சம் கடனுக்கு 7,000 ரூபாய் ஆகும்.

அடுத்து, சர்ஃபாசி சட்டத்தின் கீழ் வந்த 2002-ஆம் ஆண்டு அமலாக்க விதிகளில் 8, 9 இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு தேதிகளைச் சரிபாருங்கள். விற்பனைக்கு முன் உங்களுக்கு 30 நாள் நோட்டீஸ் தனியாக வந்திருக்க வேண்டும். முதல் ஏலம் போணியாகாமல் மறு ஏலம் என்றால் 15 நாள். இரண்டு முன்னணி நாளிதழ்களில் விளம்பரம் வர வேண்டும். அதில் ஒன்று அந்த வட்டாரத்தில் நன்றாக விற்கும் தமிழ் நாளிதழாக இருக்க வேண்டும். எந்தப் பதிப்பில் வந்தது என்று கட்டாயம் பாருங்கள். வேலூர்ப் பக்கமே வராத பதிப்பில் விளம்பரம் வந்திருந்தால், உங்கள் வழக்கின் உயிர்நாடியே அதுதான். சர்வே எண், அளவு, கட்டடம் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா? மாடி வீட்டைக் காலி மனை என்று போட்டால் கேட்க வருகிறவர் கேட்கும் தொகையே வேறு. குறைந்தபட்ச விலையை அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளரின் அறிக்கை வாங்கித்தான் வைத்திருக்க வேண்டும். ஏலத்தில் எடுத்தவர் 25 சதவீதத்தை அன்றே, தவறினால் அடுத்த வேலை நாளுக்குள் கட்டியிருக்க வேண்டும். மீதியை ஏலம் உறுதியான 15-ஆம் நாளுக்குள். எழுத்துமூலம் நீட்டித்தாலும் மூன்று மாதத்தைத் தாண்டக் கூடாது. சொந்த ஆளுக்காக நடத்திய ஏலங்களில் பல நேரம் இந்தப் பணத் தேதிதான் காட்டிக்கொடுக்கும்.

பேசிவைத்துக் கேட்டதற்கான சான்று வங்கியின் கோப்பில்தான் இருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் மூன்றாம் நபர் விவரம் என்று மறுத்துவிடுவார்கள். அதனால் 17-ஆம் பிரிவு மனுவோடு ஒரு இடைக்கால மனு போட்டு, ஏலத் தளத்தின் கேட்புப் பதிவு, இரு ஏலதாரர்களின் ஐ.பி. முகவரி, முன்வைப்புத் தொகை (ஏலத்தில் கலந்துகொள்ள முன்கூட்டியே கட்டும் பணம்) எந்தக் கணக்கிலிருந்து வந்தது, மதிப்பீட்டு அறிக்கை ஆகியவற்றைத் தாக்கல் செய்ய உத்தரவு கேளுங்கள். இருவரின் முன்வைப்புத் தொகையும் ஒரே கணக்கிலிருந்து வந்திருப்பது, ஒரே ஐ.பி.யிலிருந்து இருவரும் கேட்டிருப்பது, இரண்டாமவர் ஒரே ஒரு படி ஏற்றிவிட்டு நிறுத்தியிருப்பது, இருவரும் ஒரே நிறுவனத்தில் பங்குதாரர்களாக இருப்பது — இவை சேர்ந்து வந்தால் தீர்ப்பாயம் நிமிர்ந்து உட்காரும். வங்கி அதிகாரிக்கும் அவர்களில் ஒருவருக்கும் தொடர்பு இருப்பது தெரிந்தால், எந்த அதிகாரி, என்ன தொடர்பு, எந்தத் தேதி என்று எழுத வேண்டும். "கூட்டுச் சதி நடந்துள்ளது" என்ற மொட்டை வாக்கியம் எந்த மன்றத்திலும் நிற்காது. வேறு யாரையாவது மிரட்டித் தடுத்திருந்தால் அவரிடமே பிரமாணப் பத்திரம் வாங்கி இணையுங்கள்.

விலைக்கு, காட்பாடி சார்பதிவாளர் அலுவலகத்தில் பக்கத்து மனைகளின் சமீபத்திய கிரயப் பத்திரங்களுக்குச் சான்றிட்ட நகல் வாங்குங்கள். வழிகாட்டி மதிப்பை மட்டும் காட்டினால் சந்தை விலைக்கு அது போதாது. வில்லங்கச் சான்றைச் சில மாதம் கழித்து மறுபடி போட்டுப் பாருங்கள். எடுத்தவர் அதே சொத்தைத் தோற்ற ஏலதாரருக்கோ அவர் உறவினருக்கோ எழுதிக் கொடுத்திருந்தால் அதைவிடப் பெரிய சான்று கிடைக்காது.

ஏலத்தில் எடுத்தவரை எதிர்மனுதாரராகச் சேர்க்க மறந்துவிடாதீர்கள். அவர் இல்லாமல் ரத்து உத்தரவு வாங்க முடியாது. ஏலத்தை உறுதி செய்யவும் விற்பனைச் சான்று கொடுக்கவும் தடை கேட்டு அதே நாளில் மனு போடுங்கள். தடை கொடுக்கும்போது கடனில் ஒரு பகுதியைக் கட்டச் சொல்வது வழக்கம், எனவே பணத்தைத் தயார் செய்துகொண்டு போங்கள். உறுதியான பிறகு நிலைமை இறுகிவிடும்: மோசடி நிரூபணமானால் ஒழிய, கூடுதல் விலைக்கு ஆள் இருக்கிறது என்பதற்காக ஏலத்தைக் கலைக்க மாட்டோம் என்று 2008-இல் வால்ஜி கிம்ஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. "இப்போது முழுக் கடனையும் கட்டிவிடுகிறேன்" என்பதும் தனியே காப்பாற்றாது; ஏல அறிவிப்பு வெளியானதோடு மீட்கும் உரிமை போய்விடுகிறது என்பது 2023-இல் வந்த செலிர் தீர்ப்பு.

நிலம் விவசாய நிலமா என்பதையும் பாருங்கள். 31-ஆம் பிரிவு விவசாய நிலத்துக்கு இந்தச் சட்டமே பொருந்தாது என்கிறது. பட்டா, அடங்கல், உண்மையில் பயிர் நடந்ததற்கான அடையாளம் எல்லாம் வேண்டும்.

வங்கி சிவில் வழக்கில் டிக்ரி (தீர்ப்பாணை) வாங்கி நீதிமன்றம் மூலம் விட்ட ஏலம் என்றால் வழி வேறு. சிவில் நடைமுறைச் சட்டம் உத்தரவு 21, விதி 90-இன்படி 60 நாளுக்குள் அதே நீதிமன்றத்தில் மனு போட வேண்டும். முறைகேட்டையும் அதனால் வந்த பெரிய நஷ்டத்தையும் காட்ட வேண்டும். கையில் பணம் இருந்தால் விதி 89 எளிது: அறிவிப்பில் உள்ள பாக்கித் தொகையோடு, ஏலத் தொகையில் 5 சதவீதத்தை எடுத்தவருக்காக 60 நாளுக்குள் கட்டினால், எதையும் நிரூபிக்காமலே ஏலம் ரத்தாகும். விதி 90 மனு நிலுவையில் இருந்தால் அதை வாபஸ் வாங்கிவிட்டுத்தான் 89-க்குப் போக முடியும்.

சர்ஃபாசி ஏலம் நிலைத்துவிட்டாலும் கணக்கு கேளுங்கள். கடன், வட்டி, செலவு போக மிஞ்சிய தொகை 13(7)-இன்படி உங்களுக்கு வர வேண்டியது; வங்கி தானாகத் தராவிட்டால் எழுத்துமூலம் கேட்டு, ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.