கேளுங்க சொல்றோம்: சொத்து கம்மி, குடுக்குறது எப்படி?

கேள்வி: அமெரிக்கால கருப்பினக் குடும்பங்கள்கிட்ட சொத்து கம்மின்னு சொல்றாங்க, அதே ஆளுங்க தான தர்மம் நல்லா பண்றாங்கன்னும் சொல்றாங்க. ரெண்டும் எப்படிங்க ஒத்துப்போகும்? (பேர் போட வேண்டாம்னு எழுதின வாசகி)

பதில்: ஒத்துப்போகும்ங்க. சொத்து கம்மிங்கறது நிஜம், 2022ல அமெரிக்க மத்திய வங்கி எடுத்த சர்வேல வெள்ளையர் குடும்பங்களோட இடைநிலை சொத்து (எல்லாரையும் வரிசையா நிறுத்தினா நட்ட நடுவுல நிக்கிற குடும்பத்தோட சொத்து) 2,85,000 டாலர், கருப்பினக் குடும்பங்களுக்கு வெறும் 44,900. ஆனா குடுக்குற பழக்கம் சொத்து சேர்ந்தப்புறம் வந்தது இல்ல, அதுக்கு ரொம்ப முன்னாடியே வந்தது. 1787லயே பிலடெல்ஃபியால ரிச்சர்ட் ஆலன், அப்சலோம் ஜோன்ஸ்னு ரெண்டு கருப்பினத் தலைவர்கள் ஃப்ரீ ஆப்பிரிக்கன் சொசைட்டின்னு ஒரு சங்கம் ஆரம்பிச்சு, ஆளுக்கு மாசம் ஒரு ஷில்லிங் வசூல் பண்ணி விதவைங்க, சீக்காளிங்க, அனாதைப் பிள்ளைங்கன்னு பாத்துக்கிட்டாங்க, ஏன்னா வேற யாரும் பாக்க மாட்டாங்க. அப்புறம் சர்ச். வருமானத்துல பத்துல ஒரு பங்கு தரணும்ங்கற வழக்கம் ஒரு பக்கம், வாராவாரம் காணிக்கைத் தட்டு கண்ணு முன்னாடி வர்றது இன்னொரு பக்கம். எந்த இனமா இருந்தாலும் வழிபாட்டுக்கு ஒழுங்கா போறவங்க கூடுதலா குடுக்குறாங்கன்னு ஆய்வுகள்ல திரும்பத் திரும்ப வருது. படிப்பு, வயசு, வருமானம் எல்லாம் காரணம்தான், இல்லேங்கல, ஆனா யாராச்சும் நேர்ல வந்து கேக்குறாங்களாங்கறத சாதாரணமா நினைச்சிடாதீங்க.

கேள்வி: அவங்க பணம் முக்கியமா எதுக்குப் போகுது?

பதில்: ஒரு உதாரணம் சொல்றேன். மிசிசிப்பி மாநிலத்து ஹாட்டிஸ்பர்க் ஊர்ல ஓசியோலா மெக்கார்ட்டின்னு ஒரு கருப்பின அம்மா இருந்தாங்க, ஆறாங்கிளாஸோட படிப்ப நிறுத்திட்டு ஆயுசு பூரா ஊரார் துணிய துவைச்சு அயர்ன் பண்ணி காசு சேத்தவங்க. உங்களுக்கப்புறம் இந்தப் பணம் யாருக்குன்னு கேட்டு பேங்க் ஆளுங்க, ஒரு காசுன்னா பத்துல ஒரு பங்குன்னு பத்து சில்லறைக் காசை எடுத்து வச்சாங்களாம், அந்தம்மா ஒண்ணு சர்ச்சுக்கு, மூணு சொந்தக்காரங்களுக்கு, மிச்சம் ஆறு யுனிவர்சிட்டிக்குன்னு பிரிச்சிட்டாங்க. அப்படித்தான் 1995ல சதர்ன் மிசிசிப்பி யுனிவர்சிட்டிக்கு 1,50,000 டாலர்னு அறிவிப்பு வந்துச்சு, ஏழைப் பசங்க ஸ்காலர்ஷிப்புக்கு. சர்ச், சொந்தம், படிப்பு, நிறைய குடும்பத்துல பணம் போற வழி இதான்.

கேள்வி: அப்போ சொந்தக்காரங்களுக்குக் குடுக்குறதும் தர்மக் கணக்குல வருமா?

பதில்: வரி ஆபீஸ்ல வராது. அக்கா பையனுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டினா ஒரு டாலர் கூட வரிவிலக்கு கிடையாது, பதிவு பண்ணின தொண்டு நிறுவனம், சர்ச் மாதிரி இடத்துக்குக் குடுத்தாதான் உண்டு. அதனால வரிக் கணக்கை மட்டும் வச்சு யார் தாராளம்னு பேசுற கட்டுரைய நான் பாதிதான் நம்புவேன்.