அலுவலகத்தில் உரிமம் பெற்ற பொறியாளர் இல்லை என்றால்

அமெரிக்காவில் சிறிய ஊர் அலுவலகத்தில் வேலை, அனுபவத்துக்குச் சான்று தர அங்கே உரிமம் பெற்ற பொறியாளர் இல்லை, ப்ரொஃபஷனல் இன்ஜினியர் (பொறியியல் வரைபடங்களில் முத்திரை வைக்கும் தகுதி) உரிம விண்ணப்பமும் திரும்பி வந்துவிட்டது என்று கேட்டிருந்தீர்கள். இதற்காக வேலையை விட்டுப் பெரிய நகரத்துக்குப் போக வேண்டியதில்லை. இந்த உரிமத்துக்கான சான்று உங்கள் அலுவலகத்துக்காரரிடமிருந்துதான் வர வேண்டும் என்று, உரிமம் வழங்கும் அமெரிக்க மாநில வாரியங்கள் பலவும் கேட்பதில்லை. உங்கள் ஊர்ச் சாலை, குடிநீர் வரைபடங்களில் முத்திரை வைக்கும் வெளியூர் ஆலோசகர் யார்? முதலில் அவரிடம் கேளுங்கள். ஆனால் உங்கள் வேலையை நேரில் பார்த்தவராக இருக்க வேண்டும். பழக்கத்துக்காகக் கையெழுத்துப் போட்டால் அவர் உரிமத்துக்கே ஆபத்து.

விண்ணப்பம் திரும்பி வந்ததற்கு வேறு காரணம் இருக்கலாம். அனுபவக் குறிப்பில் "ஒருங்கிணைத்தேன்", "உதவினேன்" என்றே எழுதியிருக்கிறீர்கள். வாரியம் தேடுவது பொறியியல் முடிவுகளை. எந்தக் குழாயின் விட்டத்தை நீங்கள் கணக்கிட்டீர்கள், ஏன் அந்த அளவு என்று எழுதுங்கள்.

மாநில விதியில் 'மேற்பார்வையாளர்', 'பரிந்துரைப்பவர்' இரண்டுக்கும் தனித்தனி நிபந்தனை இருக்கிறதா என்றும் பாருங்கள். மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

அப்புறம், இந்தியப் பட்டத்துக்குப் பெரும்பாலும் என்சிஇஇஎஸ் (உரிமத் தேர்வுகளை நடத்தும் அமெரிக்க அமைப்பு) செய்யும் மதிப்பீடு கேட்பார்கள். பொறியியல் பட்டப் படிப்புகளை நாடுகள் ஒன்றுக்கொன்று அங்கீகரிக்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் 2014-லேயே இந்தியா முழு உறுப்பினராகிவிட்டது. ஆனால் அந்த உடன்படிக்கையை மட்டும் நம்பி மதிப்பீட்டை விட்டுவிடாதீர்கள்.

உரிமத்துக்கான சிவில் பொறியியல் தேர்வு 2022 முதல் கணினியில், ஆண்டு முழுவதும் நடக்கிறது. உரிமத்துக்குப் பொதுவாகக் கேட்கும் நான்கு வருட அனுபவம் முடியும் முன்பே எழுத உங்கள் மாநிலம் விட்டால் எழுதிவிடுங்கள்.