பயோடேட்டாவில் எந்த வரி இருக்க வேண்டும்? ஒரு தந்தையின் கடிதத்துக்குப் பதில்

மதிப்புக்குரிய ஐயா, வணக்கம்.

உங்கள் மகள் கணினிப் பொறியியலில் சிஜிபிஏ 7.9 எடுத்துத் தேறி எட்டு மாதங்களாகியும் சென்னையின் எந்த மென்பொருள் நிறுவனத்திலிருந்தும் அழைப்பு வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பட்டியல் சாதியினர் என்பதால்தான் ஒதுக்குகிறார்களோ என்ற உங்கள் சந்தேகத்தை வெறும் மனக்குறை என்று நான் தள்ளிவிட மாட்டேன். சுகதேவ் தோரட், பால் அட்டெவெல் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வுக்காக, ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை ‘உயர்சாதி’ இந்துப் பெயரிலும் தலித் பெயரிலும் முஸ்லிம் பெயரிலும் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். பின்னவை இரண்டுக்கும் அழைப்பு குறைவாகவே வந்தது. ஆனால் உங்கள் மகளின் விண்ணப்பங்கள் நின்றுபோனதற்கும் இதுவேதான் காரணம் என்று அந்த ஆய்வைக் கொண்டு சொல்ல முடியாது. கல்லூரி வளாகத் தேர்வில் வேலை அமையாதவர்கள் வெளியிலிருந்து நுழைவது யாருக்குமே கடினம்தான். எது காரணமானாலும், நம் கையில் இருப்பதை முதலில் சரிசெய்துவிடுவோம்.

நம் மாநிலத்தில் பெயரோடு சாதியைச் சேர்த்து எழுதும் வழக்கம் பெரும்பாலும் இல்லாததால் பெயர் ஒன்றும் பேசாது. மற்ற வரிகள் பேசும். நீங்கள் அனுப்பிய பயோடேட்டாவின் இரண்டாம் பக்கம், பிரவுசிங் சென்டரில் வைத்திருக்கும் பழைய மாதிரியின் நகல்: தந்தை பெயர், தந்தையின் தொழில், மதம், சமூகம், நிரந்தர முகவரி. முகவரியில் ‘காலனி’ என்ற சொல்லும் இருக்கிறது. அரசு ஆவணங்களிலிருந்து அந்தச் சொல்லை நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார் என்றால், அது வெறும் தெருப்பெயராக இல்லாமல் சாதியைக் காட்டும் அடையாளமாக இருந்தது என்பதால்தான். இந்த ஐந்து வரிகளையும் எடுத்துவிடச் சொல்லுங்கள்; மாவட்டத்தின் பெயர், கைப்பேசி எண், மின்னஞ்சல் இவை போதும். இதை ஒளிப்பது என்று நினைக்க வேண்டியதில்லை. தனியார் நிறுவனங்களில் இடஒதுக்கீடு இல்லாதபோது சாதிச் சான்றிதழுக்கு அங்கே என்ன வேலை? முதல் பட்டதாரி சலுகையில் படித்ததையும் விடுதியில் தங்கியதையும் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் உங்கள் மகளின் விருப்பம். நீங்களோ நானோ அதைத் தீர்மானிக்கக் கூடாது.

எடுக்க வேண்டியவற்றைவிட எனக்கு உறுத்தலாக இருந்தது வேறொன்று. அதே பக்கத்தின் அடியில், பொழுதுபோக்குக்கு மேலே, ‘பால் சங்க மேலாண்மை, மினி புராஜெக்ட்’ என்று ஒரே ஒரு வரி இருந்தது. அது என்னவென்று தொலைபேசியில் கேட்டேன். ஊர் பால் கூட்டுறவுச் சங்கத்தில் காலையும் மாலையும் ஊற்றும் பாலின் அளவு, கொழுப்பு, எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) ஆகியவற்றைப் பதிந்து, ஒவ்வோர் உறுப்பினருக்கும் சேர வேண்டிய தொகையைக் கணக்கிடும் செயலியை எழுதியிருக்கிறார். சங்கச் செயலாளர் இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறார். மின்சாரம் போனால் பதிவு அழியாமலிருக்க என்ன செய்தார் என்பதை மட்டும் பத்து நிமிடம் விளக்கினார், அதுவும் சரளமாக. வகுப்பில் எல்லோரும் செய்யும் நூலக மேலாண்மைப் புராஜெக்ட்டை முதல் பக்கத்திலும் இதைக் கடைசியிலும் போட்டது, ஊர்ச் சமாசாரம் சென்னையில் எடுபடாது என்ற கூச்சத்தால்தான் என்று நினைக்கிறேன். அதை முதல் பக்கத்தின் தலையில் நான்கு வரியில் எழுதி, அதன் கோடிங்கை, நிரல்களைப் பிறர் பார்க்க வைக்கும் கிட்ஹப் தளத்தில் ஏற்றி, அதன் இணைப்பையும் கொடுக்கட்டும்.

அடுத்தது, வழி. இந்தத் துறையில் ரெஃபரல், அதாவது உள்ளே வேலை பார்ப்பவரின் பரிந்துரை, மூலம் வரும் பயோடேட்டாவுக்குக் கவனம் கூடுதல். உள்ளே சித்தப்பாவோ அத்தை மகனோ இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு அது தானாகக் கிடைக்கிறது; முதல் தலைமுறையாகப் படித்தவர்களுக்கு அந்த ஆள் இல்லை. என் அனுபவத்தில், சாதியின் பெயரைச் சொல்லாமலே சாதி வேலைசெய்யும் இடம் பெரும்பாலும் இதுதான். ஆகவே அந்த ஆளை நாமே தேட வேண்டும். அதே கல்லூரியில் இரண்டு மூன்று ஆண்டுகள் முன்னால் படித்தவர்களை லிங்க்ட்இன்னில் கண்டுபிடித்து, ‘வேலை வாங்கித் தாருங்கள்’ என்று கேட்காமல், அந்த நிறுவனம் அறிவித்துள்ள ஒரு குறிப்பிட்ட வேலையின் எண்ணைச் சொல்லி, ‘இதற்கு என்னைப் பரிந்துரைக்க முடியுமா?’ என்று நான்கு வரியில் எழுதட்டும். பத்துப் பேருக்கு எழுதினால் இரண்டு பேர் பதில் போடுவார்கள், அது போதும். கூடவே, ஆளைப் பார்ப்பதற்கு முன் வேலையைப் பார்க்கும் வாசல்களையும் விடக் கூடாது: டிசிஎஸ் நிறுவனம் நடத்தும் என்க்யூடி போன்ற பொதுத் தேர்வுகள், சோஹோ போல முதல் சுற்றுகளிலேயே எழுத்துத் தேர்வும் கோடிங்கும் வைக்கும் நிறுவனங்கள், மத்திய அரசின் பழகுநர் பயிற்சித் திட்டமான நாட்ஸ் தளத்தில் பதிவு செய்து பெறும் பட்டதாரி பழகுநர் பயிற்சி.

நேர்காணலில் ‘அப்பா என்ன செய்கிறார்?’ என்ற கேள்வி வரும். தில்லியில் நடந்த ஓர் ஆய்வில், குடும்பப் பின்னணியைக் கேட்பது வழக்கமான நடைமுறை என்றே பணியமர்த்தும் மேலாளர்கள் சொன்னார்கள். அதுவும் 2007-இல் வெளியானதுதான். மாதிரி நேர்காணலில் நான் இதைக் கேட்டபோது, அதுவரை தெளிவாகப் பேசிய உங்கள் மகளின் குரல் தணிந்துவிட்டது. ‘அப்பா கட்டட வேலை பார்க்கிறார்’ என்று ஒரே வாக்கியத்தில், சாதாரணமாகச் சொல்லி நிறுத்திவிட்டு, அடுத்த கேள்விக்குக் காத்திருக்கப் பழக வேண்டும். தன் பெயரைச் சொல்வதுபோல வரும்வரை வீட்டில் சொல்லிப் பார்க்கட்டும்; நீங்களே அந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

அரசு வேலைகளையும் பார்க்கச் சொல்கிறேன். சாதிச் சான்றிதழ் பயன்படும் இடம் அதுதான்: மத்திய அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 15 சதவீதமும், தமிழ்நாடு அரசுப் பணிகளில் அருந்ததியருக்கான 3 சதவீத உள் ஒதுக்கீட்டையும் சேர்த்து 18 சதவீதமும் இடஒதுக்கீடு உண்டு. பொதுத்துறை வங்கிகளின் ஐடி அலுவலர் பணிக்கு வங்கிப் பணியாளர் தேர்வு நிறுவனமான ஐபிபிஎஸ் நடத்தும் தேர்வு, பொதுத்துறை நிறுவனங்கள் பல கணக்கில் கொள்ளும், பொறியியல் பட்டதாரிகள் எழுதும் கேட் தேர்வு இரண்டுக்கும் கட்டணச் சலுகை இருக்கிறது.

ஒன்றரை லட்சம் கொடுத்தால் ஐடி வேலை உறுதி என்கிறாரே ஒரு கன்சல்டன்சிக்காரர், அவரிடம் பணமும் கொடுக்க வேண்டாம், அசல் சான்றிதழ்களும் கொடுக்க வேண்டாம். ஆள் எடுத்துத் தருவதற்கான கட்டணத்தை நிறுவனம்தான் கொடுக்கும், வேலை தேடுபவர் அல்ல. இப்படி அசலை ஒப்படைத்துவிட்டு அதை மீட்க ஓராண்டு அலைந்த பையன் ஒருவன் என்னிடம் வந்திருக்கிறான்.

திருத்திய பயோடேட்டாவை ஒரே பக்கமாக, பிடிஎஃப் வடிவில், வரும் வெள்ளிக்குள் அனுப்பச் சொல்லுங்கள். ஞாயிறு காலை பத்து மணிக்கு அடுத்த மாதிரி நேர்காணல். அந்த அரை மணி நேரம் மட்டும் நீங்கள் பக்கத்தில் இல்லாமலிருந்தால் நல்லது. சென்ற முறை ஒவ்வொரு பதிலுக்கும் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டே பேசினார்.