தொரப்பாடி சிறை மதிலுக்கு இந்தப் பக்கம்: குற்றவியல் படிப்பு பற்றிக் கேள்வி பதில்

நன்னடத்தை அலுவலராக (புரொபேஷன் ஆபீசர்) இருந்து ஓய்வு பெற்றவள் நான். படித்தது சென்னைப் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் எம்.ஏ. வேலூர், ராணிப்பேட்டை பக்கமிருந்து வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாக்கிவிட்டேன்.

கேள்வி (குடியாத்தம்): மேடம், குற்றவியலும் தடயவியலும் ஒன்றுதானே? கைரேகை, ரத்தக்கறை எல்லாம் வருமா?

இரண்டும் வேறு வேறு. கைரேகை தடயவியல் சமாச்சாரம், அதற்கு சயின்ஸ் படித்திருக்க வேண்டும். ஒருவன் ஏன் செய்தான், போலீஸும் கோர்ட்டும் ஜெயிலும் அவனை என்ன செய்கின்றன, பாதிக்கப்பட்டவருக்கு என்ன கிடைத்தது என்பதெல்லாம் குற்றவியல். சினிமா பார்த்துவிட்டு வந்து சேர்கிறவர்கள் புள்ளியியல் பேப்பரைக் கண்டதும் முழிப்பார்கள்.

கேள்வி (பாகாயம்): எங்கள் வீட்டுக்குத் தொரப்பாடி கூப்பிடு தூரம். அங்கே இருக்கும் சிறை அகாடமியில் சேர்ந்து படிக்க முடியுமா?

முடியாது. 1979-இல் தென் மாநிலங்கள் சேர்ந்து ஆரம்பித்த பயிற்சிக் கூடம் அது. ஏற்கெனவே வேலையில் இருக்கும் சிறை அதிகாரிகள்தான் அங்கே வந்து பயிற்சி எடுப்பார்கள். முதலில் வேலை, அப்புறம்தான் அந்த கேட்.

பட்டம் வேண்டுமென்றால் அரசுப் பல்கலைக்கழகங்களில் இரண்டைச் சொல்வேன்: சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகம், நெல்லையில் மனோன்மணீயம் சுந்தரனார். தினமும் காட்பாடியிலிருந்து ஏலகிரி எக்ஸ்பிரஸில் போய்வருகிறேன் என்று கிளம்பாதீர்கள். சென்ட்ரலில் இறங்கி, பார்க் டவுனில் பறக்கும் ரயில் பிடித்தால் சேப்பாக்கம் வந்துவிடும், அது உண்மைதான். ஆனால் நூலகத்தில் உட்கார வேண்டிய சாயங்கால நேரம் முழுக்க ரயிலில் போய்விடும். ஹாஸ்டல் பாருங்கள்.

கேள்வி (ஆற்காடு, வாலாஜா, இன்னும் பலர்): படித்தால் வேலை உண்டா?

இந்தப் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றால் யாரும் கூப்பிட்டு வேலை தர மாட்டார்கள். சிறைக் காவலர் வேலைக்கு இரண்டாம் நிலைக் காவலர் தேர்வோடு சேர்த்தே ஆள் எடுக்கிறார்கள், பத்தாம் வகுப்பு போதும். உதவி ஜெயிலருக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு உண்டு. அங்கே உயரமும் பார்ப்பார்கள். நன்னடத்தை அலுவலர் இடங்கள் எப்போதாவதுதான் வரும், வரும்போது என்ன பட்டம் கேட்டிருக்கிறார்கள் என்று அறிவிக்கையை வரிக்கு வரி படியுங்கள். சில சமயம் சமூகப்பணி படித்தவருக்குத் திறக்கும் கதவு நமக்குத் திறக்காது. அது தவிர மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் ஒன் ஸ்டாப் சென்டர் இருக்கின்றன. பெரும்பாலும் ஒப்பந்த வேலை, சம்பளம் சுமார். காலேஜ் வாத்தியார் ஆக ஆசையென்றால் யு.ஜி.சி. நெட் தேர்வில் குற்றவியல் தனிப் பாடமாகவே இருக்கிறது.

ஒரு கோச்சிங் சென்டரில் என் அக்கா மகன் பணம் கட்டினான். ‘இந்தச் சான்றிதழ் இருந்தால் ஜெயிலர் வேலைக்கு முன்னுரிமை’ என்றார்கள். அப்படி எந்த முன்னுரிமையும் கிடையாது. கட்டிய பணமும் திரும்பி வரவில்லை.

கேள்வி (திருவலம்): கிளாஸில் படித்தது வேலையில் ஒரு நாளாவது உதவியதா மேடம்? உண்மையைச் சொல்லுங்கள்.

நல்ல கேள்வி. தண்டனைக் கைதி சாதாரண விடுப்பு கேட்டால், ஊரில் பரோல் என்கிறார்களே அதுதான், நன்னடத்தை அலுவலர் போய் விசாரித்து அறிக்கை தரவேண்டும். அப்படி ஒருமுறை அணைக்கட்டு பக்கம் ஓர் ஊருக்குப் போனேன். கொலைக் கேஸில் இருந்தவரின் அம்மா பாய் போட்டு, கடனுக்கு ஒரு கலர் வாங்கிவந்து கொடுத்தார். கிராம நிர்வாக அலுவலரும் ‘பிரச்சினை இல்லை மேடம்’ என்றார். அதை எழுதிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்திருக்கலாம். ஆனால் பாதிக்கப்பட்டோர் பற்றிய பேப்பர் எடுத்த பேராசிரியர், ‘செத்தவன் வீட்டுக்கு யார் போனீர்கள்?’ என்று வகுப்புக்கு வகுப்பு கேட்பார். அந்த வீடு நாலு வாசல் தள்ளி இருந்தது. போனேன். அந்தம்மா முறத்தை விட்டுத் தலை நிமிரவில்லை. கடைசியில், “வரட்டும். கிழவி கண்ணை மூடறதுக்குள்ள பாத்துட்டுப் போகட்டும். ஆனா எங்க தெரு வழியா வரக் கூடாது” என்றார். ஏரிக்கரை வழியாக வந்து போகலாம் என்று அறிக்கையில் எழுதினேன். அப்படியே வந்து போனார்.

கேள்வி (பேரணாம்பட்டு): படிப்பு பற்றியது இல்லை, மன்னிக்கணும் மேடம். தம்பி திருட்டு கேஸில் பதிமூன்று மாசமாக விசாரணைக் கைதி. முதல் கேஸ். ஜெயிலில் மனு போட்டுப் பார்க்கப் போனால் அழுகிறான். ஏதாவது வழி உண்டா?

மன்னிப்பெல்லாம் எதற்கு? பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆவது பிரிவைப் பாருங்கள். முன்பு எந்த வழக்கிலும் தண்டனை பெறாதவர், அந்தக் குற்றத்துக்கான அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை உள்ளேயே கழித்துவிட்டால் ஜாமீனில் விடுவிக்கக் கேட்கலாம். சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சம் மூன்று வருடம், அப்படியானால் ஒரு வருடம் தாண்டிவிட்டது. வீடு புகுந்த திருட்டு என்றால் ஏழு வருடம், கணக்கு மாறும். வேறு வழக்கு நிலுவையில் இருந்தாலும், மரண தண்டனையோ ஆயுளோ விதிக்கக்கூடிய குற்றமானாலும் இது பொருந்தாது. கோர்ட்டுக்கு எழுத வேண்டியது சிறைக் கண்காணிப்பாளர், எழுதினாரா என்று கேளுங்கள். சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, வக்கீல் இலவசம். நாளைக்கே போங்கள்.

படிக்க வருகிற பிள்ளைகளும் இதைக் கவனியுங்கள். 2022 கடைசியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள்.

கேள்வி (ஆம்பூர்): எம்.ஏ. ஆய்வுக்குத் தலைப்பு சொல்லுங்கள்.

2024 அக்டோபர் 3-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், சிறையில் சாதி பார்த்து வேலை பிரிப்பதும், அறை பிரிப்பதும் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. பதிவேடுகளில் இருந்த சாதிக் கட்டத்தையும் எடுக்கச் சொன்னது. அதற்குப் பிறகு கக்கூஸ் கழுவுவது யார், சமையலில் நிற்பது யார் என்று எண்ணிப் பாருங்கள். உள்ளே போக எழுத்து மூலம் அனுமதி வேண்டும், தாமதமாகும். முதல் செமஸ்டரிலேயே கடிதம் போட்டுவிடுங்கள்.

கேள்வி (சத்துவாச்சாரி): பொண்ணை அனுப்பப் பயமாக இருக்கிறது.

பெண்கள் சிறைக்குப் பெண்கள்தானே வேண்டும்? அனுப்புங்கள்.

கேள்வி (கணியம்பாடி): வேலூர் ஜெயிலில் ஷூ தைக்கிறார்களாமே, நிஜமா?

நிஜம்தான், போலீஸ்காரர்கள் போடுகிற ஷூவே அங்கே தைப்பதுண்டு. அந்தப் பிரிவில் வேலை பார்த்த ஒருவர் என்னிடம் சொன்னார்: “என்னைப் புடிச்ச ஏட்டய்யாவுக்குக் கால் சைஸ் ஒம்போது மேடம். ஒம்போதாம் நம்பர் வரும்போதெல்லாம் அவரு ஞாபகம்தான்.”