சீர் ஃபிரிட்ஜுக்கு எக்ஸ்ட்ரா வாரண்டி போடலாமா?

கேள்வி: மகளுக்குத் தை மாதம் கல்யாணம். சீருக்காக மதுரை மேலமாசி வீதிப் பக்கம் ஒரு கடையில் தீபாவளி ஆஃபரில் ஃபிரிட்ஜ், ஃப்ரண்ட் லோடு வாஷிங் மெஷின், 43 இன்ச் டிவி மூன்றும் பார்த்து வைத்திருக்கிறோம். ஃபிரிட்ஜுக்கு 2,500, மெஷினுக்கு 3,200, டிவிக்கு 3,800, ஆக 9,500 ரூபாய் கட்டினால் இன்னும் இரண்டு வருடம் வாரண்டி நீளுமாம். "இன்னிக்கே போட்டாத்தான்க்கா, அப்புறம் போட முடியாது" என்று பில் போடும் தம்பி அவசரப்படுத்துகிறார். மாப்பிள்ளை வீடு திருப்பூர். போடலாமா?
- வாசகி, திருமங்கலம்

பதில்: 9,500 இருக்கட்டும். கம்பெனி சும்மா தருகிற ஒரு வருடமே உங்களுக்கு முழுசாகக் கிடைக்கப் போவதில்லையே! பொதுவாக வாரண்டி ஓடத் தொடங்குவது பில் தேதியிலிருந்து. பெட்டியைப் பிரிக்கிற நாளிலிருந்து அல்ல. ஐப்பசியில் பில் போட்டு, தையில் சீர் இறக்கினால் மூன்று மாதம் அட்டைப்பெட்டிக்குள்ளேயே போய்விடும். அதற்குள் உள்ளே நசுங்கியிருந்தாலும் "அன்னைக்கே பிரிச்சுப் பாத்திருக்கணும்" என்பார்கள். முன்பணம் கட்டி, ஆஃபர் விலையையும் மாடல் நம்பரையும் ரசீதில் எழுதி வாங்கிக்கொண்டு, டெலிவரி அன்று பில் போட்டுத் தரச் சொல்லிப் பாருங்கள். கேட்டால் ஒத்துக்கொள்கிற கடைகள் உண்டு. பில் மகள் பெயரில், மகளின் போன் நம்பரோடு இருக்கட்டும்.

இப்போது வாரண்டிக்கு வருவோம். எங்கள் வீட்டு வாஷிங் மெஷினுக்கு நானும் ஒருமுறை கடை வாரண்டி போட்டேன். மூன்றாம் வருடம் ஒருநாள் மெஷின் ஆன் ஆகவில்லை. வந்த மெக்கானிக் மூடியைக் கழற்றினால், போர்டின் மேல் ஒரு பல்லி கருவாடாய்க் காய்ந்து கிடந்தது. செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, "பல்லி, எலி எல்லாம் கவர் ஆகாது சார்" என்றார். கார்டின் பின்பக்கம் எறும்பு எழுத்தில் அது இருக்கத்தான் செய்தது. படிக்காமல் கையெழுத்துப் போட்டது நான்.

பின்பக்கத்தை நீங்கள் கடையில் நின்றே படியுங்கள். எலி கடித்தது, வோல்டேஜ் ஏற்ற இறக்கம், ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள் என்று விலக்கு எவ்வளவு நீளம் என்று பாருங்கள். "வருடத்துக்கு இத்தனை சதவீதம் தேய்மானம்" என்ற வரி இருக்கிறதா என்றும் தேடுங்கள். இருந்தால், பொருளை மாற்றித் தர வேண்டி வரும்போது கைக்கு வருவது நீங்கள் கொடுத்த விலையாக இருக்காது.

ஃபிரிட்ஜுக்கு வேண்டாம் என்பேன். இன்வர்ட்டர் ஃபிரிட்ஜ்களில் கம்ப்ரஸருக்கு மட்டும் பத்து வருட வாரண்டி பெரும்பாலும் கூடவே வருகிறது. ஆனால் முதல் வருடம் கழிந்தால் அது கம்ப்ரஸர் என்ற உருப்படிக்கு மட்டும்தான். கேஸ் ஏற்றுவதற்கும் கூலிக்கும் தனியாகத் தர வேண்டியிருக்கும். பிறகு போவது போர்டு. அதற்கு நல்ல ஸ்டெபிலைசர் ஒன்று வாங்கிக் கொடுத்தால் அந்த 2,500 உருப்படியாகச் செலவானதாக இருக்கும்.

டிவி வேறு கணக்கு. பேனல், அதாவது திரை, போனால் புது டிவி விலையில் பாதிக்கு மேல் கேட்பார்கள், அதனால் டிவிக்குப் போடலாம். ஆனால் கடை வாரண்டி வேண்டாம், தயாரித்த கம்பெனியே தருவதைப் போடுங்கள். மகள் இருப்பது திருப்பூரில். மதுரைக் கடையின் வாரண்டிக்கு அங்கே யார் வருவார்கள்? "அப்புறம் முடியாது" என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். பல கம்பெனிகள் முதல் வருட வாரண்டி முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் நீட்டிக்க விடுகின்றன. கீழே விழுந்து உடைந்தால் மட்டும் எந்த வாரண்டியும் உதவாது. அதற்கு இன்ஷூரன்ஸ் தனி.

வாஷிங் மெஷினுக்கு அங்கே வருவது போர்வெல் உப்புத் தண்ணியா என்று சம்பந்தி வீட்டில் கேளுங்கள். ஆமென்றால் மெஷினுக்குள் இருக்கும் ஹீட்டரில் உப்புப் படியும். படிந்ததால் வரும் பழுது கவர் ஆகுமா என்று கேட்டு, ஆகும் என்று எழுத்தில் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

தவணையில் வாங்குவதாக இருந்தால் இந்த 9,500-ஐயும் கேட்காமலே கடனில் சேர்த்துவிட்டார்களா என்று பாருங்கள். அதற்கும் வட்டி ஓடும்.

பிறகு யாராவது இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யலாம். அதிலும் நகரவில்லையென்றால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி, வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, பிரச்சினை வந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் புகார் போடலாம்; கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. மகள் திருப்பூரிலிருந்து மதுரைக்கு அலையாமல் இருக்கத்தான் பில்லை அவர் பெயரில் போடச் சொன்னேன்.