தோள் வலிக்கு எந்தச் சின்ன கிட்டார்?

கேள்வி: எனக்கு 46 வயது. ஏழு வருடமாக ட்ரெட்நாட் என்ற பெரிய உடம்புக் கிட்டார் வாசிக்கிறேன். அரை மணி நேரம் மடியில் வைத்தால் வலது தோள் இழுத்துப் பிடிக்கிறது. பிக் வைத்து அடிப்பது குறைவு, பெரும்பாலும் விரலால்தான். பழைய ப்ளூஸ் பதிவுகளில் வருகிற அந்த வறண்ட ஓசைமேல் ஆசை. ஆன்லைனில் ‘வின்டேஜ் பார்லர்’ என்று சன்பர்ஸ்ட் நிறத்தில் ஒரு சின்ன கிட்டார் விற்கிறார்கள். வாங்கலாமா? பட்ஜெட் 40,000 ரூபாய்.

பதில்: அந்த சன்பர்ஸ்ட்டை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். படத்தைப் பார்த்து நானும் ஒருமுறை ஏமாந்தவன். விளிம்பில் கறுப்பு, நடுவில் தேன் நிறம், பழைய பாணி ட்யூனர்கள். பெட்டியைத் திறந்ததும் சொக்கிப் போனேன். கையில் தூக்கிய பிறகுதான் உறைத்தது: இத்தனை சின்ன உடம்புக்கு இவ்வளவு கனமா? மேல்பலகை ப்ளைவுட், அதன்மேல் கண்ணாடிபோல் தடித்த பூச்சு. தந்தியை மீட்டினால் அட்டைப்பெட்டிக்குள்ளிருந்து சத்தம் வந்தது. 1930களின் நல்ல கிட்டார்களைத் தூக்கினால் காற்றாக இருக்கும். பலகையும் மெலிசு, உள்ளே ஒட்டிய தாங்குகட்டைகளும் மெலிசு. அந்த ஓசை வருவது அங்கிருந்துதான்; சாயத்தை எந்தக் கிட்டாருக்கும் பூசலாம்.

சரி, தோள். ட்ரெட்நாட்டின் கீழ்ப்பகுதி சுமார் 15.6 அங்குல அகலம். ஆழம் ஏறக்குறைய 5 அங்குலம். தோளைத் தூக்கி நிறுத்துவது அகலத்தைவிட இந்த ஆழம்தான். அமெரிக்க கிட்டார் நிறுவனமான மார்ட்டினின் கணக்கில் 000 என்ற அளவு 15 அங்குல அகலம், ஆழம் 4 அங்குலத்துக்குக் கொஞ்சம்தான் மேல். 00 என்பது 14.3 அங்குலம். எண்ணில் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது, மடியில் வைத்தால் வேறு வாத்தியம். வேடிக்கை என்னவென்றால், 1902இல் 000 வந்தபோது மார்ட்டினின் பெரிய கிட்டாரே அதுதான். ட்ரெட்நாட் மார்ட்டின் பெயரிலேயே விற்பனைக்கு வந்தது 1931இல். ‘பார்லர்’ என்ற பெயரில் வருபவை 00ஐவிடவும் சின்னவை. அழகுதான், ஆனால் ட்ரெட்நாட் கேட்டுப் பழகிய காதுக்கு அடித்தந்திகளின் (தாழ்ந்த ஓசை தரும் தடித்த தந்திகள்) ஓசை மெலிந்து போனதாகத் தோன்றும். உங்களுக்கு 00 அல்லது 000 போதும். (கிட்டார் தொடாத நாளிலும் தோள் வலித்தால் முதலில் டாக்டரைப் பாருங்கள்.)

அடுத்து, கடைக்காரர்கள் பெரும்பாலும் பேசாத ஒன்று: கழுத்து உடம்போடு சேர்வது 12ஆவது ஃப்ரெட்டிலா (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை), 14ஆவதிலா? 12இல் சேர்ந்தால், தந்திகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் உடம்பின் அகன்ற பகுதியின் நடுவை நோக்கி இறங்குகிறது. ஓசையில் வெதுவெதுப்பு கூடுகிறது. தலைப்பகுதியும் உங்கள் பக்கம் நெருங்குவதால் இடது கையை நீட்டி வைக்க வேண்டியதில்லை. விலையாக மேல் ஃப்ரெட்டுகள் எட்டாது. 14 ஃப்ரெட் பிரபலமானதற்கும் ஒரு கதை உண்டு. பெர்ரி பெக்டெல் என்ற பேஞ்சோ கலைஞருக்கு நீண்ட கழுத்து தேவைப்பட்டது. அவருக்காக மார்ட்டின் 1929இல் செய்ததுதான் ஓஎம் மாடல். தோளுக்காக மாறுகிற உங்களுக்கு என் ஓட்டு 12 ஃப்ரெட்டுக்கு. கிடைக்காவிட்டால் 14க்காக வருத்தப்படவும் வேண்டாம்.

விரலால் வாசிப்பவர், கழுத்தின் மேல்முனையில் தந்திகள் உட்காரும் நட்டின் அகலத்தை அளக்காமல் வாங்கக்கூடாது. 43 மில்லிமீட்டருக்கும் 44.5க்கும் இடையில் ஒன்றரை மில்லிமீட்டர்தானே என்பார்கள். சி கார்டு பிடித்துப் பாருங்கள், பக்கத்துத் தந்தியில் விரல் உரசி அது ஊமையாகிறதா இல்லையா என்பதை அந்த ஒன்றரைதான் முடிவு செய்யும். தந்தியின் நீளமும் முக்கியம்: 000க்கு 24.9 அங்குலம், ஓஎம்முக்கு 25.4. நீளம் குறைந்தால் இழுவிசை குறையும், தந்தியை வளைப்பது சுலபம்.

நீங்கள் கேட்ட வறண்ட ஓசைக்கு வருவோம். அக்கால ப்ளூஸ்காரர்கள் பலரிடம் இருந்தவை ஸ்டெல்லா மாதிரியான மலிவுக் கிட்டார்கள். உள்ளே தாங்குகட்டைகளை ஏணிப்படிபோல் குறுக்கே ஒட்டியிருப்பார்கள். ஓசை சட்டென்று எழும்பிச் சட்டென்று அடங்கும். மார்ட்டின்காரர்கள் ஒட்டியது எக்ஸ் வடிவில். ஓசை நின்று ஒலிக்கும், அடித்தந்திக்கு ஆழம் வரும். ஏணிக்கட்டை மட்டம் என்பது பொதுவான பேச்சு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உங்கள் ஆசைக்கு அதுவே பொருத்தமாகவும் இருக்கலாம். ஆனால் வீட்டில் ஒரே கிட்டார்தான் என்றால் எக்ஸ் வாங்குங்கள், எல்லாப் பாட்டுக்கும் ஈடுகொடுக்கும். மஹோகனி மேல்பலகை வறண்ட ஓசைப் பக்கம் சாயும். ஸ்ப்ரூஸ் பளிச்சென்று, மெல்லத் தொட்டால் மெல்லவும் அழுத்தினால் ஓங்கியும் பேசும். ரோஸ்வுட் என்று விலையேற்றினால் மயங்காதீர்கள். 1969 முதல் மார்ட்டின் பெருமளவில் பயன்படுத்தியது நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளர்கிற ஈட்டி மரத்தைத்தான். பெருமைதான், ஆனால் இந்த பட்ஜெட்டில் பின்பலகை என்ன மரம் என்பது கடைசிக் கவலை.

முதல் கவலை, மேல்பலகை ஒரே மரத்துண்டா என்பது. ஓசைத் துளையின் விளிம்பில் போன் டார்ச் அடியுங்கள். மேலே ஓடுகிற மரவரிகள் விளிம்பில் மடங்கி அப்படியே கீழே இறங்கினால் ஒரே மரம். நடுவில் வேறு நிறத்தில் ஒரு அடுக்கு தெரிந்தால் ப்ளைவுட். அப்புறம் 12ஆவது ஃப்ரெட்டில் ஆறாவது தந்தியின் உயரம்: இரண்டரை மில்லிமீட்டரை ஒட்டி இருந்தால் நல்லது. அதைவிட உயரமாக இருந்து, பிரிட்ஜில் தந்திகளைத் தாங்கும் சேடில் எலும்பு ஏற்கெனவே தேய்த்துத் தேய்த்துத் தரையோடு தரையாகிவிட்டிருந்தால் அந்தக் கிட்டாரை அங்கேயே வைத்துவிடுங்கள். கழுத்தைக் கழற்றித்தான் சரிசெய்ய முடியும். பழையதை வாங்கினால் பிரிட்ஜின் பின்விளிம்புக்கு அடியில் ஒரு விசிட்டிங் கார்டைச் செருகிப் பாருங்கள். உள்ளே போனால் பசை விட்டுக்கொண்டிருக்கிறது.

40,000க்குள் மேல்பலகை மட்டும் ஒரே மரமாகவும் மற்றவை ப்ளைவுட்டாகவும் இருப்பது நியாயமான பேரம். யமஹா எஃப்எஸ்800 அப்படிப்பட்டது: ஸ்ப்ரூஸ் மேல்பலகை, 634 மில்லிமீட்டர் தந்தி நீளம். பார்ப்பதற்கு வின்டேஜ் களை கிடையாது, நட்டும் 43தான். ஆனாலும் எல்லோரும் முதலில் மடியில் வைத்துப் பார்க்க நான் சொல்வது இதைத்தான். சிக்மா, ரெக்கார்டிங் கிங் பெயர்களில் 00, 000 வடிவங்கள் கிடைத்தால் அவற்றையும் பாருங்கள். எதை வாங்கினாலும் செட்டப்புக்கு (தந்தி உயரத்தையும் கழுத்தையும் சரிசெய்ய) கொஞ்சம் பணம் ஒதுக்குங்கள். தந்தி 11-52 என்ற மெல்லிய செட் போடுங்கள். மெல்லிய உடம்பில் தடித்த 13 செட் ஏற்றினால் மேல்பலகை வீங்கக்கூடும்.

கடைக்குப் போகும்போது உங்கள் ட்ரெட்நாட்டையும் எடுத்துச் செல்லுங்கள். கையில்லாத நாற்காலி கேட்டு வாங்கி, உட்கார்ந்து ட்ரெட்நாட்டைப் பத்து நிமிடம், புதியதை இருபது நிமிடம் வாசியுங்கள். கடைப்பையன் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், தோள் உங்களுடையது.