ரைஃபிள் குழலின் வாய்விளிம்பு: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கருவிப் பட்டறை வேலை குறித்து நீங்கள் எழுதிவரும் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். நான் துவாஸில் ஒரு கப்பல் பட்டறையின் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். என் மகள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். துப்பாக்கி சுடும் மன்றம் ஒன்றில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பயிற்சி பெறுகிறாள். மன்றம் அவளுக்கு ஒதுக்கியிருப்பது பலர் கைமாறிய பழைய ரைஃபிள். ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு குண்டுக்குச் சராசரியாக 10.2 எடுத்துக்கொண்டிருந்தவள் இப்போது 9.8ஐத் தாண்டத் திணறுகிறாள். பயிற்றுநர் அவளுடைய நிற்கும் நிலையிலோ மூச்சிலோ குறை காணவில்லை. குழலின் உட்புறம் சொரசொரப்பாகியிருக்கும், பேஸ்ட் போட்டுத் தேய்த்து மெருகேற்றினால் சரியாகிவிடும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். எங்கள் பட்டறையில் வால்வு தேய்க்கும் பேஸ்ட் டப்பா டப்பாவாக இருக்கிறது. நானே செய்துகொடுக்கலாமா?

ஒரு வாசகர், உட்லண்ட்ஸ்

அன்புள்ள நண்பருக்கு,

அந்த பேஸ்ட்டை ரைஃபிள் பக்கமே கொண்டுபோகாதீர்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். காரணத்தைப் பிறகு விரிவாக எழுதுகிறேன். இன்னொன்றையும் இப்போதே சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் காற்றுத் துப்பாக்கியும் உரிமச் சட்டத்துக்கு உட்பட்டதுதான். ஆகையால் மன்றத்தின் ரைஃபிளை வீட்டுக்கோ பட்டறைக்கோ எடுத்துச் சென்று வேலை பார்க்கும் எண்ணமே வேண்டாம். நான் எழுதுவதை மன்றத்தில் ஆயுதங்களுக்குப் பொறுப்பானவரிடம் காட்டி, அவர் முன்னிலையில், அவர் அனுமதிக்கும் அளவுக்கு மட்டும் செய்யுங்கள். உலோகத்தில் கை வைக்கும் வேலை அவருடையது. பார்ப்பதும் குறித்துவைப்பதும் உங்களுடையதாக இருக்கட்டும்.

மகளின் சராசரியில் குறைந்திருப்பது 0.4. பத்து மீட்டர் இலக்கு அட்டையில் பத்தாம் வளையம் அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு புள்ளி. சுடப்படும் ஈயக் குண்டான ரவையின் விட்டமோ 4.5 மில்லிமீட்டர். ரவையின் ஓரம் அந்தப் புள்ளியைத் தொட்டாலே 10.0 கிடைத்துவிடும், அங்கிருந்து நடுவை நெருங்கும் ஒவ்வொரு கால் மில்லிமீட்டருக்கும் 0.1 கூடி உச்சமாக 10.9 வரை போகும். ஆக, அவள் இழந்திருப்பது ஒரு குண்டுக்கு ஒரு மில்லிமீட்டர். 2018இல் கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் விளையாட்டுகளில் நம் மார்ட்டினா வெலோசோவும் இந்தியாவின் மெஹுலி கோஷும் இறுதிச் சுற்றின் 24 குண்டுகளையும் சுட்டு முடித்தபோது இருவரும் 247.2 என்று சமமாக நின்றார்கள்; அதன்பின் சுட்ட ஒற்றைக் குண்டில் 10.3க்கு 9.9 என்ற கணக்கில் வெலோசோ தங்கம் வென்றார். அங்கேயும் வித்தியாசம் அதே 0.4தான். ஆகவே உங்கள் மகளின் கவலையை நான் சிறிதாக நினைக்கவில்லை.

ஆனால் அந்த ஒரு மில்லிமீட்டர் குழலிலிருந்துதான் வருகிறது என்பதற்கு உங்கள் கடிதத்தில் சான்று எதுவும் இல்லை. தோளில் பதியும் கட்டையான ஸ்டாக்கையும் குழலமைப்பையும் பிணைக்கும் திருகுகள் தளர்ந்திருக்கலாம், பின்பக்கக் குறிபார்ப்பி அதன் இருக்கையில் ஆடலாம், காற்றின் அழுத்தத்தைச் சீராக்கும் பாகம் ஒவ்வொரு குண்டுக்கும் வெவ்வேறு அளவு காற்றை விடலாம், அல்லது மன்றம் இந்த ஆண்டு வேறு தொகுதி ரவைகளை வாங்கியிருக்கலாம். இவை எல்லாவற்றையும் ஒரே மாலையில் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது: ரைஃபிளைச் சுடுதளத்தின் இறுக்கியில் பொருத்திவிட்டு, மனிதர் தோள் படாமல் சுட்டுப் பார்ப்பது. ஐந்து குண்டுகளோடு நிறுத்திவிடாதீர்கள், ஐந்து குண்டுகள் தற்செயலாக நெருங்கி விழுவதும் விலகி விழுவதும் சகஜம். ஒவ்வொரு வகை ரவைக்கும் பத்துப் பத்தாக, இரண்டு மூன்று அட்டைகள் சுடுங்கள். திருகுகளை இறுக்கிவிட்டுச் சுடுவது ஒரு நாள், ரவையை மாற்றிச் சுடுவது இன்னொரு நாள் என்று ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். போட்டி ரவைகளின் தலை அளவு 4.48, 4.49, 4.50 என்று 0.01 மில்லிமீட்டர் இடைவெளியில் தனித்தனியாகக் கிடைக்கிறது. சில குழல்கள் ஓர் அளவை விரும்பி ஏற்று, அடுத்த அளவை அட்டையில் சிதறடிக்கும். இந்த 0.01 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பேஸ்ட்டைப் பற்றிப் பேசும்போது அது மீண்டும் வரும்.

இறுக்கியில் வைத்தும் அட்டையில் குண்டுகள் சிதறுகின்றன என்றால்தான் குழலுக்கு வர வேண்டும். அப்போதும் முதல் வேலை சுத்தம் செய்வது. ஈய ரவை போகும் வழியெல்லாம் மெல்லிய படிவை விட்டுச் செல்கிறது. நம் ஊரின் ஈரப்பதத்தைச் சொல்ல வேண்டியதில்லை. குளிரூட்டப்பட்ட அறையிலிருந்து ரைஃபிளை வெளியே கொண்டுவந்ததும் கண்ணாடியில் படிவதுபோல எஃகின்மீதும் நீர் படிகிறது, அதைத் துடைக்காமல் பெட்டிக்குள் பூட்டினால் குழலுக்குள் துருப்புள்ளிகள் விழுகின்றன. கேமராவுக்கு வைத்திருப்பது போன்ற உலர் அலமாரி இருந்தால் நல்லது. கம்பளித் துணுக்குகளைப் பின்பக்கத்திலிருந்து வாய்ப்பக்கமாக, ஒரே திசையில் செலுத்தி, கறுப்பு வருவது நிற்கும்வரை சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அழுத்தக் காற்று படும் இடங்களில் சாதாரண இயந்திர எண்ணெய் போடவே கூடாது, அது ஆபத்து. சுத்தம் செய்தபின் முதல் சில குண்டுகள் அலைபாய்ந்துதான் நிலைக்கு வரும், அவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் மகளைச் சாப்பிட விடாதீர்கள்.

இனி நான் அதிகம் பேச விரும்பும் இடத்துக்கு வருகிறேன். குழலின் குறை என்றதும் எல்லோரும் உள்ளே எட்டிப் பார்க்கிறார்கள். என் அனுபவத்தில் முக்கால்வாசிக் குறை கடைசி ஒரு மில்லிமீட்டரில், குழலின் வாய்விளிம்பில் இருக்கிறது. ரவையின் வடிவத்தை நினைத்துப் பாருங்கள்: முன்னே தட்டையான தலை, நடுவில் சிறுத்த இடை, பின்னே உட்குழிந்த பாவாடை என்று ஓர் உடுக்கையைப் போல இருக்கும். எடை அரை கிராமுக்குச் சற்றே கூடுதல். குழலின் உள்ளே வெட்டப்பட்ட புரிப் பள்ளங்கள் அதைச் சுழற்றுகின்றன. போட்டி ரைஃபிள்களில் ஏறத்தாழ 450 மில்லிமீட்டருக்கு ஒரு முழுச் சுற்று என்று இருக்கும், ஆகவே விநாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் புறப்படும் ரவை விநாடிக்கு 375 சுற்றுகளுக்கு மேல் சுழன்றுகொண்டு வருகிறது. அந்தப் பாவாடை குழல் வாயை விட்டு நீங்கும் கணத்தில், பின்னால் அடைபட்டிருந்த காற்று சுற்றிலும் ஒரே நேரத்தில் பீறிட வேண்டும். விளிம்பில் ஓரிடத்தில் ஒரு சின்னஞ்சிறு வடு இருந்தாலும் காற்று அங்கே முந்திக்கொண்டு வெளியேறி, ரவையின் பின்புறத்தை ஒரு பக்கமாகத் தள்ளிவிடும். தலை சாய்ந்த பம்பரம் போல அது தள்ளாடிக்கொண்டு போகும். உள்ளே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் இந்தத் தள்ளலைத் திருத்த முடியாது.

ஜூரோங்கில் ஒரு கருவிப் பட்டறையில் வேலை பார்த்த நாட்களில், மாலை நேரத்தில் ஒரு மன்றத்தின் ரைஃபிள்களைப் பராமரிக்கவும் உதவிவந்தேன். ஒரு ரைஃபிள் எந்த ரவையைப் போட்டாலும் இடப்புறம் கீழே ஒரு சில குண்டுகளைத் தள்ளிக்கொண்டே இருந்தது. வாயில் பொருத்தியிருந்த நீட்டிப்புக் குழாயைக் கழற்றினோம். பல ரைஃபிள்களில் இந்தக் குழாய் உண்மையான வாயை மறைத்துவிடுகிறது என்பதால், அதை யாருமே பார்த்திருக்கவில்லை. மேசை விளக்கின்கீழ் பத்து மடங்கு உருப்பெருக்கியால் பார்த்தபோது விளிம்பு முழுதும் சீரான ஒரு வெள்ளிக் கோடாக ஒளிர்ந்தது, ஏழு மணி முள் நிற்கும் இடத்தில் மட்டும் கோடு மங்கி அகன்றிருந்தது. ஒரு பஞ்சுக் குச்சியை உள்ளேயிருந்து வெளியே மெல்ல இழுத்தேன். எல்லாப் பக்கமும் வழுக்கிக்கொண்டு வந்த பஞ்சு அந்த இடத்தில் மட்டும் ஒரு இழையை விட்டுவிட்டு வந்தது. பிசிறு! யாரோ ஆண்டுக்கணக்கில் வாய்ப்பக்கத்திலிருந்து இரும்புக் கம்பியை விட்டுச் சுத்தம் செய்திருக்கிறார்கள், கம்பி ஒரே இடத்தில் உரசி உரசி விளிம்பைத் தின்றிருக்கிறது.

அதைச் சரிசெய்தது இப்படித்தான். துகள் உள்ளே போகாமல் குழலை ஒரு துணித் திரியால் அடைத்துவிட்டு, உருண்டைத் தலையுள்ள பித்தளைத் திருகு ஒன்றின் தலையில் 600 நுண்மையுள்ள தேய்ப்புப் பசையைத் துளியளவு தடவி, அதைக் கைத்துளைப்பானில் பொருத்தி, வாயின்மீது வைத்து மெதுவாகச் சுழற்றிக்கொண்டே கையை எட்டு போடுவதுபோல அசைத்தோம். உருண்டைத் தலை துளையின் நடுவைத் தானே கண்டுகொள்ளும். பித்தளை எஃகைவிட மென்மையானது என்பதால் துகள்கள் அதில் பதிந்துகொண்டு எஃகைத் தேய்க்கும். பத்து விநாடி தேய்ப்பு, துடைத்துவிட்டு உருப்பெருக்கியில் ஒரு பார்வை, பிறகு மீண்டும் பத்து விநாடி. வெள்ளிக் கோடு சுற்றிலும் ஒரே அகலமாக வந்ததும் நிறுத்தினோம். ஆழமான காயமாக இருந்தால் இது போதாது, குழலை லேத்தில் துளையின் மையத்துக்குச் சரியாகப் பிடித்து வாயைப் புதிதாகக் கடைய வேண்டும்; அதற்கு உரிமம் பெற்றவர்தான் வேண்டும். நீட்டிப்புக் குழாயைத் திரும்பப் பொருத்துமுன் அதன் உட்பக்கத்தையும் பாருங்கள். அங்கே சாம்பல்நிற ஈயக் கீற்று தெரிந்தால் ரவை போகிற போக்கில் அதை உரசுகிறது, குழாய் நேராக அமையவில்லை என்று பொருள்.

குழலின் பின்முனையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ரவை நுழையும் இடத்தின் விளிம்பு கூர்மையாக இருந்தால் பாவாடையைச் சீவிவிடும், அங்கேயுள்ள ரப்பர் வளையம் தேய்ந்தால் காற்று கசியும். வளையத்தை மாற்றுவது சில நிமிட வேலை.

உட்புறத்தை அறியக் கண்ணைவிடக் கை நல்லது. காற்று உருளையைக் கழற்றி, ரைஃபிளில் அழுத்தம் இல்லை என்று பொறுப்பாளர் உறுதிசெய்த பிறகு, ஒரு ரவையைப் பின்பக்கத்தில் வைத்து, பிளாஸ்டிக் உறையிட்ட கம்பியால் மெதுவாகத் தள்ளச் சொல்லுங்கள். நல்ல குழலில் எதிர்ப்பு நெடுகிலும் ஒரே மாதிரி இருக்கும். திடீரென்று வழுக்கிக்கொண்டு போனால் அங்கே துளை அகன்றிருக்கிறது, திடீரென்று பிடித்தால் அங்கே ஒடுக்கமோ துருவோ இருக்கிறது. பல போட்டிக் குழல்களில் வாய்க்கு முன் சில சென்டிமீட்டர் தூரம் வேண்டுமென்றே சற்று ஒடுக்கியிருப்பார்கள், சோக் என்று அதற்குப் பெயர். சிறு அளவு வேறுபாடுள்ள ரவைகளையெல்லாம் கடைசியில் ஒரே அளவாக்கி அனுப்புவது அதன் வேலை. ஆகவே முடிவில் கை இறுகுவதைக் குறை என்று எண்ணிவிடாதீர்கள். நான் அப்படி எண்ணியவன். பல ஆண்டுகளுக்கு முன், அந்த இறுக்கத்தை அழுக்கு என்று நினைத்து, நுண்ணிய பசை தடவிய துணியை வாய்வரை நூறு தடவைக்கு மேல் ஓட்டினேன். உட்புறம் கண்ணாடிபோல ஆனது. அடுத்த நாள் அட்டையில் குண்டுகள் முன்பைவிட இரு மடங்கு பரவின. அந்தக் குழலை மாற்றத்தான் வேண்டியிருந்தது, அதைச் சுட்டுவந்த மாணவர் அந்தப் பருவத்துப் போட்டியை வேறொருவர் ரைஃபிளில் சுட்டார். அவரிடம் நடந்ததைச் சொன்ன மாலை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இப்போது உங்கள் வால்வு பேஸ்ட். அது வால்வும் இருக்கையும் ஒன்றோடொன்று பொருந்தும்வரை உலோகத்தை அரித்தெடுப்பதற்காகச் செய்யப்பட்டது. அதன் துகள் பெரிது. ரவையின் அளவே 0.01 மில்லிமீட்டர் படிகளில் தேர்ந்தெடுக்கப்படும்போது, அந்தப் பேஸ்ட் சில இழுப்புகளில் அவ்வளவையும் தின்றுவிடும், அதுவும் சீராகத் தின்னாது. தொழிற்சாலையில் குழலை மெருகேற்றுவோர் துளைக்குள்ளேயே ஈயத்தை வார்த்து, அந்தத் துளையின் அச்சாகவே அமைந்த ஈயத் தண்டில் மிக நுண்ணிய பசையைத் தடவி, எதிர்ப்பைக் கையால் உணர்ந்துகொண்டே ஓட்டுவார்கள், சோக் தொடங்கும் இடத்துக்கு முன்பே நிறுத்துவார்கள். துணியைக் கம்பியில் சுற்றி ஓட்டுவது வேறு வேலை. துருப்புள்ளி உறுதியாகத் தெரிந்தால் மட்டும், பொறுப்பாளர் ஒப்புக்கொண்டால் மட்டும், துப்பாக்கிக் குழலுக்கென்றே விற்கும் மென்பசையால் அந்த இடத்தை மட்டும் இருபது முப்பது இழுப்பு துடைக்கலாம். அதன்பின் பசையின் தடம் அறவே நீங்கும்வரை சுத்தம் செய்ய வேண்டும்.

வரும் சனிக்கிழமை மகளோடு நீங்களும் மன்றத்துக்குப் போங்கள். திருகுகள், சுத்தம், இறுக்கியில் பத்துப் பத்தாகக் குண்டுகள், பிறகு நீட்டிப்புக் குழாயைக் கழற்றி உருப்பெருக்கியும் பஞ்சுக் குச்சியும் என்ற வரிசையில் பாருங்கள். அட்டைகளை ரவைத் தொகுதியின் பெயரெழுதிப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். பஞ்சு எங்காவது சிக்கினால், சுடும்போது இருப்பதுபோல ரைஃபிளை நிமிர்த்தி மேசையில் வைத்து வாயை முன்னிருந்து பார்க்கும்போது அந்த இடம் எத்தனை மணி நிலையில் இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்.